நடக்காததை எழுதவும் நேர்மை வேண்டும்

நம் வீடுகளில் வரலாறு பேசப்படும்போது ஒரு சொற்றொடர் தவறாமல் வந்து விழும்: "அன்றைக்கு மட்டும் அப்படி நடந்திருந்தால்..." 1948ஐப் பற்றிப் பேசினாலும், 1956ஐப் பற்றிப் பேசினாலும், 1983ஐப் பற்றிப் பேசினாலும் பெரியவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு யாராவது ஒருவர்மீது பழி. பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு தொடங்கும் ஓர் இலக்கிய வகை உலகில் இருக்கிறது. மாற்று வரலாறு என்று அதைச் சொல்வார்கள். நடந்த வரலாற்றில் ஓரிடத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதன்பின் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது. விஞ்ஞானப் புனைகதையின் ஒரு கிளையாக இதைக் கருதுகிறார்கள். கதையில் ரொக்கட்டும் ரோபோவும் வராமல் இருக்கலாம். ஆனாலும் 'ஒன்றை மாற்றினால் மற்றவை என்னவாகும்' என்ற விஞ்ஞானக் கேள்வியே அதன் உயிர்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கும் கல்லூரிச் சஞ்சிகைகளுக்கும் வரும் சிறுகதைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். விஞ்ஞானக் கதை எழுதும் மாணவியரின் தொகை கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கதைகளில் ஒரு பொதுக் குணத்தைக் காண்கிறேன். ரொக்கட் அமெரிக்காவிலிருந்து புறப்படும். விஞ்ஞானியின் பெயர் ஜோன் அல்லது டேவிட். வேற்றுக்கிரகவாசி வந்து இறங்கியதும் எல்லோருக்கும் எப்படியோ மொழி புரிந்துவிடும். கதை சிக்கலில் மாட்டியதும் கதாநாயகி கண்விழிப்பாள். எல்லாம் கனவாக இருக்கும். இந்தக் கதைகளில் கற்பனைக்குக் குறைவில்லை. 'இது நடக்கக்கூடியதா?' என்று எழுதுபவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் குறைவு.

அந்தக் கேள்வியை நாம் ஏன் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதப்படும் விஞ்ஞானப் புனைவும் மிகைப்புனைவும் இன்று உலகின் கவனத்தைப் பெற்றிருக்கின்றன. யுதன்ஜய விஜேரத்ன 2018இல் 'த இன்ஹியூமன் ரேஸ்' என்ற நாவலை வெளியிட்டார். பிரித்தானியப் பேரரசு வீழ்ச்சியடையாத ஓர் உலகம். அதில் இன்னும் அடிமைப்பட்டுக் கிடக்கும் இலங்கை. மாற்று வரலாற்றுக்கு நம் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் இது. வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2024இல் நெபியூலா விருதைப் பெற்றது. தமிழிலோ, கடல் கடந்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் காட்டுகிறோம். அதுவும் 1980களில் வந்தது. இலங்கையில் தமிழில் எழுதப்பட்ட மாற்று வரலாற்றுக் கதை ஒன்று சொல்லுங்கள் என்று ஒரு மாணவி கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்க என் அலுமாரியில் எதுவும் இல்லை.

நமக்கு மரபு இல்லாமலும் இல்லை. 1885இல் அறிஞர் சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை'யை எழுதியபோது தமிழில் நாவல் என்ற வடிவமே புதிது. கண்டியிலிருந்து கொண்டு எகிப்தைக் கற்பனை செய்த மனிதர் அவர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருந்த துணிவு இன்றைய நமக்கு இருக்கக்கூடாதா?

இனி, நம்பகத்தன்மை என்றால் என்ன என்று பார்ப்போம். கதை உண்மையாக நடந்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. வாசகர் எழுத்தாளருக்கு ஒரு சலுகை தருகிறார்: ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். அதற்குப் பின் எதையும் இஷ்டத்துக்கு மாற்றாதே. அந்த ஒரு மாற்றத்திலிருந்து மற்றவை தாமாக நடக்கட்டும்.

இதற்கு நல்ல உதாரணம் எங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. இரத்மலானையிலிருந்து காலி வீதியில் சற்றுத் தெற்கே போனால் மொறட்டுவை. அங்கே ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரில் ஒரு நிறுவகம் இயங்குகிறது. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பிலேயே காலமானவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 1979இல் வெளிவந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கியை அவர் கட்டினார். அதன் அடித்தளம் சிவனொளிபாதமலையை நினைவூட்டும் ஒரு மலையில் அமைகிறது. ஆனால் ஒரு சிக்கல். அத்தகைய மின்தூக்கியைத் தாங்கும் செய்மதி பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அது மத்தியகோட்டுக்கு நேர் மேலேதான் முடியும். இலங்கையோ மத்தியகோட்டுக்கு வடக்கே பல நூறு கிலோமீற்றரில் இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? இலங்கையைத் தெற்கே நகர்த்தி மத்தியகோட்டில் வைத்தார். அதை மறைக்கவில்லை, வாசகருக்கு வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு அந்த நாவலில் கம்பியின் வலிமை, காற்றின் வேகம், கட்டுமானத்தின் ஆபத்து எல்லாம் பௌதிகவியலுக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. ஒரு தீவையே நகர்த்திய எழுத்தாளரை நாம் நம்புகிறோம். காரணம், அவர் அதற்குப் பிறகு நம்மை ஏமாற்றவில்லை.

மாற்று வரலாற்றில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடினமானது. அங்கே பௌதிக விதியின் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எவ்வளவு அரிசி இருந்தது, எத்தனை கப்பல் இருந்தது, யார் யாருக்குப் பயந்தார்கள் என்பவையே அங்கே விதிகள்.

என் ஊரையே எடுத்துச் சோதித்துப் பார்க்கிறேன். இரத்மலானை விமான நிலையம் இந்நாட்டின் முதல் விமான நிலையம். 1935 நவம்பரில் அங்கே முதல் விமானம் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானிய விமானப்படையின் தளமாயிற்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது; அந்தமான் தீவுகளும் வீழ்ந்தன. அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் ரோந்து போன கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தென்கிழக்கே கடலில் ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தபோதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. இரத்மலானையில் இருந்த ஹரிக்கேன் விமானங்கள் குண்டுகளுக்கு நடுவிலேதான் மேலெழுந்தன. ஆனால் முதல் நாளே வந்த எச்சரிக்கையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறியிருந்தன.

இதை அறிந்த எவருக்கும் உடனே ஒரு கதை தோன்றும்: 'பர்ச்சல் அன்று கடற்படையைக் காணாமல் போயிருந்தால், ஜப்பான் இலங்கையைப் பிடித்திருக்கும்.' கேட்க அருமையாக இருக்கிறது. ஒரு தனி மனிதர், ஒரு விமானம், ஒரு தீவின் தலைவிதி. திரைப்படம் எடுக்கலாம்.

ஆனால் இது நடந்திருக்காது. ஜப்பானிய அட்மிரல் நகுமோவுடன் வந்தவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும் அவற்றுக்குக் காவலாக வந்த போர்க்கப்பல்களும். தரையிறங்குவதற்கான இராணுவம் அவருடன் வரவில்லை. பர்ச்சல் காணாதிருந்தால் துறைமுகத்தில் இன்னும் பல கப்பல்கள் மூழ்கியிருக்கும். இன்னும் பலர் இறந்திருப்பார்கள். அதன் பின்னும் நகுமோ திரும்பித்தான் போயிருப்பார். ஒரு நாட்டைப் பிடிக்க விமானம் மட்டும் போதாது. காலால் நடக்கும் வீரன் வேண்டும், அவனுக்குச் சோறு வேண்டும்.

அப்படியானால் கதையின் திருப்புமுனை எங்கே இருக்கிறது? இரத்மலானை வானத்தில் இல்லை. தோக்கியோவில் ஓர் அறைக்குள் இருக்கிறது. 1942இன் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் தளபதிகள் சிலர் இலங்கையைக் கைப்பற்றும் திட்டத்தை முன்வைத்தார்கள். தரைப்படை மறுத்தது. சீனாவில் அதன் படைகள் சிக்கியிருந்தன. சோவியத் எல்லையையும் காவல் காக்க வேண்டியிருந்தது. இலங்கைக்கு அனுப்பத் தன்னிடம் படைப்பிரிவுகள் இல்லை என்று அது கூறிவிட்டது. மாற்று வரலாறு எழுத விரும்பும் மாணவி தட்ட வேண்டிய கதவு இதுதான். அந்தக் கூட்டத்தில் தரைப்படை சம்மதித்திருந்தால்?

இந்த இடத்திலிருந்து கதையைத் தொடருங்கள். எவ்வளவு சங்கதிகள் வருகின்றன பாருங்கள். அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும் பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. பர்மா ஜப்பானின் கையில். 'அப்படியானால் ஜப்பான் ஆண்ட இலங்கைக்கு அரிசி தாராளமாகக் கிடைத்திருக்கும்' என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அரிசியைக் கொண்டுவரக் கப்பல் வேண்டும். ஜப்பானுக்குக் கப்பல் பற்றாக்குறை. ஜப்பானின் கீழிருந்த மலாயாவில் மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்திருந்தார்கள். வியட்நாமில் 1944 - 45இல் பெரும் பஞ்சம் வந்தது. எனவே உங்கள் கதையில் 1943ஆம் ஆண்டுக் கொழும்பு பசியோடு இருக்கும். புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம் ஒன்றை நீங்கள் கதையில் வைத்தால், அவர்களுடைய கடைக்குச் சரக்கு வராது. மலாயாவில் ஜப்பானியர் வாழைமரப் படம் அச்சிட்டு வெளியிட்ட பணத்தாள் போர் முடிந்ததும் வெற்றுக் காகிதமாயிற்று. உங்கள் கதையின் வாப்பா இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் பணமும் அப்படித்தான் ஆகும்.

இன்னும் ஒன்று. மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் - பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெருந்தொகையானோர் திரும்பி வரவில்லை. அப்படியானால் நமது மலையகத் தோட்டங்களுக்கு என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்வியைத் தொடாமல் ஜப்பானியர் ஆண்ட இலங்கையைப் பற்றிக் கதை எழுத முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஜப்பானை விடுதலை தரும் ஆசிய வல்லரசாகப் பார்த்த இலங்கையர் அன்று இருந்தார்கள். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுள் கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். உங்கள் கதையில் ஜப்பானியரை மாலையிட்டு வரவேற்கும் ஒருவர் வந்தால் அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அவருக்கும் காரணங்கள் இருந்தன.

கடைசியாக, இச்சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் மாணவியைப் பற்றிய கணக்கு. இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது 1942 ஜூலை 1ஆம் திகதி. குண்டுவீச்சு நடந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது 1945இல். தீவு அந்நியப் படையின் கையில் இருந்திருந்தால் இவ்விரண்டும் அந்தக் காலத்தில் நடந்திருக்கும் என்று சொல்வது கடினம். இலவசக் கல்வி பத்து ஆண்டுகள் பிந்தியிருந்தால், நம் உம்மாமாரின் உம்மாமார் எத்தனை பேர் பாடசாலையின் வாசலை மிதித்திருப்பார்கள்? தோக்கியோவில் ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு நம் வீட்டுப் புத்தக அலுமாரி வரைக்கும் வந்துவிடுகிறது. இதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு அழுத்தமாக உணர்த்தவில்லை. 'நடக்கக்கூடியதா, நடக்கக்கூடியதா' என்று ஒவ்வொரு படியிலும் கேட்டதால்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

உலகப் புகழ் பெற்ற படைப்புகளும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. 1962இல் பிலிப் கே. டிக் எழுதிய 'த மேன் இன் த ஹை காஸில்' நாவலில் ஜெர்மனியும் ஜப்பானும் போரில் வென்று ஐக்கிய அமெரிக்காவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அருமையான நாவல், ஹியூகோ விருது பெற்றது. ஆனால் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி அவ்வளவு பெரிய நாட்டைப் பிடித்துவைக்க ஜப்பானிடம் எங்கே ஆளும் கப்பலும் இருந்தன என்று கேட்டால் நாவலில் தக்க பதில் இல்லை. டிக்கின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: தோற்றவர்கள் வென்றவர்களின் ரசனையைத் தம்முடையதாக்கிக் கொள்ளும் விதத்தை அவர் நுணுக்கமாகக் காட்டுகிறார். திருப்புமுனை பலவீனமானது, மனிதர்கள் பலமானவர்கள். ஆகவே நம்பகத்தன்மையை எடைபோடும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்: சம்பவம் நடக்கக்கூடியதா, அதில் மனிதர் இப்படி நடந்துகொள்வார்களா. இரண்டாவதில் தவறினால் கதை தேறாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "இப்படிக் கணக்குப் பார்த்தால் கற்பனை செத்துவிடாதா? இருப்பதைத்தான் எழுத வேண்டுமென்றால் பெண்களாகிய நாங்கள் எப்போதுதான் வேறோர் உலகத்தைக் கனவு காண்பது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு முஸ்லிம் பெண்ணையே அழைக்கிறேன்.

வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு மாதர் சஞ்சிகையில்தான் முதலில் வெளியானது. தமிழ்நாட்டின் தலைநகரில் அச்சேறிய அக்கதையை நம்மில் பலர் இன்னும் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். அதில் பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நீரைச் சேகரிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. அந்த வெப்பத்தாலேயே சமைக்கிறார்கள். அதைக்கொண்டே படையெடுத்து வந்த எதிரியைத் துரத்துகிறார்கள்.

ரொக்கையா தம் கற்பனையை எங்கே கட்டவிழ்த்தார், எங்கே கட்டிவைத்தார் என்று பாருங்கள். சமூக ஒழுங்கைத் தலைகீழாக்கினார்; அது அவர் எடுத்துக்கொண்ட ஒரே சலுகை. மந்திரத்தை அவர் நாடவில்லை. சூரிய வெப்பத்தால் இயந்திரம் இயக்கலாம் என்பதை 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டியிருந்தார். கதையில் வரும் பெண்கள் அதிகாரத்தை வானத்திலிருந்து பெறவில்லை. முதலில் பாடசாலை திறக்கிறார்கள், பிறகு பல்கலைக்கழகம், பிறகு கண்டுபிடிப்பு, ஆண்களின் படை தோற்று நின்ற வேளையில் அந்தக் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. ஒவ்வொரு படியும் முந்திய படியிலிருந்து பிறக்கிறது. அதனால்தான் அந்தக் கனவு வாசித்து முடித்த பின்னும் கலைவதில்லை. ரொக்கையாவும் கதையோடு நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பாடசாலை நடத்தத் தொடங்கினார். தாம் எழுதிய கதையின் முதல் படியை அவர் நிஜத்தில் கட்டிக் காட்டினார் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

பெற்றோர் சிலருக்கு வேறொரு தயக்கம் இருக்கலாம். 'இப்படிச் செய்திருந்தால் அப்படியாகியிருக்குமே' என்று சொல்லிப் புலம்புவதை நம் மார்க்கம் விரும்பவில்லையே என்பார்கள். உண்மைதான். கைநழுவிப் போனதை நினைத்து இறைவனின் ஏற்பாட்டில் குறை காண்பது வேறு. நடந்ததற்கான காரணங்களை அறிந்து இனி நடப்பதைத் திருத்திக்கொள்வது வேறு. அல்குர்ஆனே அல்அன்பியா அத்தியாயத்தில், இறைவன் ஒருவனே என்பதை நிறுவ, பல தெய்வங்கள் இருந்திருந்தால் வானமும் பூமியும் என்னவாகியிருக்கும் என்று சிந்திக்கச் சொல்கிறது. 'இருந்திருந்தால்' என்பது அங்கே புலம்பலாக வரவில்லை. நியாயம் உணர்த்தும் வழியாக வருகிறது. மாற்று வரலாற்றை நாமும் அந்த வழியில் கையாளலாம்.

"இதனால் உயர்தரப் பரீட்சைக்கு என்ன பயன்?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வரலாற்று வினாத்தாளில் 'காரணங்களை ஆராய்க' என்று வரும்போது, எந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் சம்பவம் நடந்திருக்காது என்று யோசித்துப் பழகிய பிள்ளை, பத்துக் காரணங்களை மனனம் செய்த பிள்ளையை விட நன்றாகவே எழுதும்.

இனி, இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய கதைக்கு வருகிறேன். அண்மையில் நான் வாசித்த மாணவியர் ஆக்கங்களில் ஒன்று மாற்று வரலாற்றுக் கதை. எழுதியவருக்கு அப்பெயர் தெரிந்திருக்காது. அவருடைய குடும்பத்து வேர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க வேண்டும். கதையில் 1990 ஒக்டோபர் வரவே இல்லை. சோனகத் தெருவில் இன்று ஒரு கல்யாணம் நடக்கிறது. மூத்தம்மா தாம் பிறந்த வீட்டின் திண்ணையிலேயே இருந்து வெற்றிலை போடுகிறார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் வந்து பலகாரம் சுடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்தபோது என் கண்கள் கலங்கின.

வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசம். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தத் துயரத்தைக் கதையில் இல்லாமலாக்க ஒரு பேரப்பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. எனினும் அந்த மாணவியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: அந்த ஒக்டோபர் எப்படி நடக்காமல் போயிற்று? கதை அதைச் சொல்லவில்லை. யாரோ துடைத்துவிட்டது போல அது இல்லாமல் இருக்கிறது.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எழுதுபவர் திருப்புமுனையைத் தேட வேண்டியிருந்திருக்கும். கட்டளையிட்டவர்கள் மத்தியில் ஒருவர் மறுத்துப் பேசினாரா? ஒலிபெருக்கியில் அறிவிக்க அனுப்பப்பட்ட இளைஞன் தயங்கி நின்றானா? அழுது நின்ற தமிழ் அயலவர்கள் அழுததோடு நிற்காமல் தெருவில் இறங்கினார்களா? அப்படி இறங்க அன்று அவர்களால் முடியுமாயிருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடும்போது எதிர்ப்பக்கத்திலும் மனிதர்களை வைத்துத்தான் எழுத முடியும். அவர்களுக்கும் பயமும் தெரிவும் இருந்தன என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். இதனால் குற்றம் இலேசாகிவிடாது. உண்மையில் கனமாகும். 'காலத்தின் கொடுமை', 'போர்ச் சூழல்' என்று நாம் மழுப்பிச் சொல்லும் ஒன்று, இன்ன மனிதர்கள் வேறு விதமாகச் செய்திருக்கக்கூடிய ஒரு காரியம் என்று கண்முன் நிற்கும்.

என் அபிப்பிராயத்தில் மாற்று வரலாற்றில் நம்பகத்தன்மைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டிய காரணம் இதுவே. நம் நாட்டில் ஒவ்வொரு சமூகத்திடமும் ஒரு மாற்று வரலாறு இருக்கிறது. 'அவர்கள் மட்டும் இல்லாதிருந்தால் நாங்கள் நன்றாக இருந்திருப்போம்' என்பதே அதன் சுருக்கம். மேடையிலும் தொலைபேசித் திரையிலும் அது தினமும் ஓடுகிறது. அதை எழுதுபவர் திருப்புமுனையைக் காட்ட வேண்டியதில்லை, கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தாரை மனிதராகக் காட்ட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அந்தக் கதைக்கு மாற்றாக நாம் எழுதும் கதைகளும் கணக்கில்லாமல் இருந்தால், நம்முடையது மட்டும் எப்படி நியாயமாகும்?

ஆகவே எழுத விரும்பும் மாணவியருக்குச் சில யோசனைகள். திருப்புமுனை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அன்று உண்மையிலேயே இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கக்கூடிய தருணமாக இருக்கட்டும். அந்தத் தருணத்துக்கு முந்தியதை மாற்றாதீர்கள். பிறகு என்ன சாப்பிட்டார்கள், எதில் பயணம் போனார்கள், யாரிடம் பணம் இருந்தது என்று கேளுங்கள். உங்கள் சமூகத்துக்கு எல்லாமே நல்லதாக முடிந்தால் கதையைச் சந்தேகியுங்கள். கெட்டவர் என்று நீங்கள் நினைப்பவருக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்.

களங்களுக்குப் பஞ்சமில்லை. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் இடம் கொடுக்காதிருந்தால், கிழக்கு மாகாணம் இன்று எப்படி இருக்கும்? 1883இல் எகிப்தின் ஒராபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்படாமல் வேறெங்காவது அனுப்பப்பட்டிருந்தால், ஸாஹிராக் கல்லூரியின் கதை எப்படித் தொடங்கியிருக்கும்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கொழும்பிலிருந்து எங்கள் இரத்மலானை நிலையத்தைக் கடந்து தெற்கே போன ரயிலைப் பெரலியவில் கடல் விழுங்கியது. அப்போது சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. கிழக்குக் கரையில் கல்முனையும் மருதமுனையும் அதற்கு முன்பே அடிபட்டுவிட்டன. அங்கிருந்து புறப்படும் ஒரு தொலைபேசி அழைப்பு சரியான மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்? யாருக்கு அழைத்திருக்க வேண்டும், அவர் யாருக்குச் சொல்லியிருக்க வேண்டும், எந்த நிலையத்தில் ரயிலை நிறுத்தியிருக்கலாம் என்று படிப்படியாக எழுதிப் பாருங்கள். அந்தக் கதை இறந்தவர்களைத் திருப்பித் தராது. அடுத்த முறை அழைப்பு எங்கே தடைப்படும் என்பதை வாசிப்பவருக்குக் காட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் மேசையிலிருந்து எழுந்து வந்து, "வாப்பா, 1942இல் கொழும்பில் அரிசி என்ன விலை விற்றது?" என்று கேட்டால், "பாடத்தைப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். தெரியாவிட்டால் அவளை நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மூத்தவர்கள் யாரும் இருந்தால் அவர்களிடம் கூட்டிப்போய் இருத்துங்கள். அடுத்த ஆண்டுச் சஞ்சிகைக்கு அந்தக் கதைகள் வந்து சேரட்டும். வாசிக்கக் காத்திருக்கிறேன்.